ஹம்ப்டா கணவாய்க்கு எந்த அடுப்பு, எந்தப் பாத்திரம்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியும். கோவையிலிருந்து நண்பர்கள் மூன்று பேர், செப்டம்பர் மாதம், மணாலி பக்கம் ஹம்ப்டா கணவாய். குதிரை, போர்ட்டர், சமையல்காரர் யாரும் கிடையாது, எல்லாச் சுமையும் உங்கள் முதுகில். மலையில் நான்கு இரவு. 25 கிராம் எடையில் ஒரு டைட்டானியம் பர்னர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, கூடவே ஒரு டைட்டானியம் பாத்திரமும் வாங்கிவிடலாமா, கிளம்பும் முன் வால்பாறைப் பக்கம் ஒரு ராத்திரி தங்கிச் சமைத்துப் பழகலாமா என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “காலையில் உப்புமா, ராத்திரி சோறும் ரசமும் என்று பிளான்.” எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. என்ன சமைக்கப்போகிறீர்கள், எரிபொருளை எங்கே வாங்கப்போகிறீர்கள் என்ற இரண்டும் முடிவான பிறகுதான் பர்னர் எத்தனை கிராம் என்ற பேச்சே வர வேண்டும். பெரும்பாலானவர்கள் தலைகீழாக, பர்னரில் ஆரம்பிக்கிறார்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. மலையேற்றப் பயிற்சி முடித்துவிட்டு, பல வருடங்களாகச் சின்னக் குழுக்களோடு இமாச்சல், உத்தராகண்ட், லடாக் பக்கம் போய்வருகிறேன். சமையல் பொறுப்பு பெரும்பாலும் என் தலையில்தான் விழும். ஆனால் நான் சமைத்ததெல்லாம் மே முதல் அக்டோபர் வரை உள்ள பருவத்தில். குளிர்காலத்தில் பனியை உருக்கிச் சமைப்பது வேறு வித்தை, அதற்கு இந்தப் பதிலை நம்பி இறங்காதீர்கள்.

முதலில் எரிபொருள், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கேஸ் கேனிஸ்டரை, அதாவது பர்னரில் மாட்டும் சின்ன கேஸ் டப்பாவை, விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியிலும் முடியாது. காலியானதாக இருந்தாலும் எடுத்து வைத்துவிடுவார்கள். ரயிலிலும் கூடாது. ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி ஆபத்தான பொருளைக் கொண்டுபோனால் மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. சட்டத்தை விடுங்கள், 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டி யார்டில் நின்றுகொண்டிருந்தபோது, உள்ளே ரகசியமாகக் கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதனால் பர்னர் மட்டும் இங்கிருந்து, கேஸ் மணாலியில். பர்னரைச் செக்-இன் பையில் போடுங்கள். புதிதாகவோ, எரிபொருள் வாசனையே இல்லாமல் சுத்தமாகவோ இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். “பெரும்பாலும்” என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பயன்படுத்திய அடுப்புக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதுதான் பொதுவான விதி, கவுன்ட்டரில் இருப்பவர் அதை எப்படிப் படிக்கிறார் என்பது அன்றைய நிலவரம். தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் மணாலியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மணாலியில் ட்ரெக்கிங் சாமான் விற்கும் கடைகளில் கேனிஸ்டர் கிடைக்கும். நீங்கள் கேட்க வேண்டியது மேலே மரை போட்ட, திருகி மாட்டும் வகை. உலகம் முழுக்கப் பெரும்பாலான மலையேற்ற பர்னர்களுக்கு இந்த மரைதான், பிராண்டு மாறினாலும் பொருந்தும். 100, 230, 450 கிராம் என்று ஏறக்குறைய மூன்று அளவில் வரும். உள்ளே என்ன கலவை என்பதை டப்பாவின் பக்கவாட்டில் படியுங்கள். சாதாரண பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரை. அதனால் ஐசோபியூட்டேன்–புரொப்பேன் கலவை கிடைத்தால் அதை எடுங்கள்.

இந்த எண்களெல்லாம் கடல்மட்டத்துக்கானவை என்பதைப் பலர் சொல்வதில்லை. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் டப்பாவுக்குள் இருக்கும் திரவம் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும். 4,000 மீட்டரில் சாதாரண பியூட்டேன்கூட மைனஸ் 13 வாக்கில்தான் அடங்கும். அப்படியானால் பியூட்டேனே போதுமே என்று தோன்றும். போதாது. ஆவியாகும்போது திரவம் தன் சூட்டைத் தானே இழக்கிறது. பத்து நிமிடம் எரியவிட்டு டப்பாவைத் தொட்டுப் பாருங்கள், ஐஸ்கிரீம் டப்பா மாதிரி இருக்கும். வெளியே 3 டிகிரி என்றால் உள்ளே அதைவிட எவ்வளவோ கீழே போயிருக்கும். டப்பாவின் கீழ்ப்பாதியில் வெள்ளையாக உறைபனி ஒட்டியிருக்கும், அந்தக் கோடு எங்கே முடிகிறதோ அதுவரைதான் உள்ளே திரவம் மிச்சம். சுடர் சுருங்க ஆரம்பித்தால் ஒரு தட்டில் விரல் பொறுக்கும் சூட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் டப்பாவை நிற்கவையுங்கள், அடுத்த நிமிடமே சுடர் எழும்பும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். ராத்திரி டப்பாவை ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்மாட்டில் போட்டுக்கொண்டு படுத்தால் காலை டீக்குத் தகராறு செய்யாது.

நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் டேபிள் ஸ்டவுக்கென்று நீளமாக, ஸ்பிரே டப்பா போல ஒன்று விற்கிறார்களே, அதைக் கேட்பீர்கள் என்று தெரியும். விலை குறைவு, மணாலியிலும் கிடைக்கலாம், அடாப்டர் வைத்து மாட்டவும் முடியும். உள்ளே இருப்பது பெரும்பாலும் வெறும் பியூட்டேன். செப்டம்பரில், கணவாய்க்கு முன்னால் தங்கும் பாலு கா கேரா முகாமில் விடியற்காலை அது சோம்பும். அந்த டப்பாவைப் படுக்கவைத்து மாட்டும்போது உள்குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஆவிக்குப் பதில் திரவம் வந்து, சுடர் ஒரேயடியாக முகத்துக்கு எழும்பும் அபாயமும் உண்டு. அவசரத்துக்குத் தவிர வேண்டாம். இன்னொன்று, மறுபடி நிரப்பிய கேனிஸ்டர். மலைப்பக்கக் கடைகளில் இது சாதாரணம். ஒருதடவை பயன்படுத்தித் தூக்கிப்போடத்தான் அந்த டப்பா செய்யப்பட்டது. யார், எதை, எவ்வளவு நிரப்பினார்கள் என்று சொல்ல முடியாது. பெயின்ட் சுரண்டியிருக்கிறதா, அடிப்பக்கம் துருவா, வால்வைச் சுற்றி நசுங்கியிருக்கிறதா, மூடியில் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். 230 கிராம் கேனிஸ்டர் என்றால் டப்பாவோடு சேர்த்து 380 கிராம் வாக்கில் நிற்க வேண்டும்.

இப்போது உங்கள் 25 கிராம் பர்னர். அது ஏமாற்று வேலை கிடையாது. ஒருவர், அரை லிட்டர் தண்ணீர், காற்றில்லாத இடம் என்றால் கச்சிதமாக வேலை செய்யும். உங்கள் நிலைமை வேறு. மூன்று பேருக்கு இரண்டு லிட்டர் பாத்திரம், நிறைத்து வைத்தால் இரண்டரைக் கிலோ. அந்த பர்னரின் மூன்று குட்டிக் கால்கள் ஒரு டீ டம்ளர் அகலத்துக்கு மேல் விரியாது, சூட்டில் வளைவதும் உண்டு. கேனிஸ்டர், அதன் மேல் பர்னர், அதன் மேல் பாத்திரம் என்று கோபுரமாக நிற்கும், கீழே சமதளமில்லாத கூழாங்கல் தரை. ஒருவர் கரண்டி போட்டுக் கிளறினால் போதும், ராத்திரிச் சாப்பாடு மண்ணில். அதைவிடப் பெரிய விஷயம் காற்று. பாலு கா கேரா, அடுத்த முகாமான ஷியா கோரு இரண்டுமே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மரமில்லாத வெட்டவெளி. சின்ன பர்னரின் சுடர் காற்றில் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும், கேஸ் எரியும், பாத்திரம் சூடாகாது. பர்னர் வரும் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் “ஒரு லிட்டர் மூன்றரை நிமிடம்” என்ற கணக்கெல்லாம் மூடிய அறையில், சாதாரண வெப்பநிலையில் எடுத்தது. பர்னர்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள், மலையில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

காற்றுக்குத் தடுப்பு வைத்தால் ஆகாதா என்றால், இங்கேதான் உயிர்ச் சங்கதி. கேனிஸ்டரின் தலையிலேயே பர்னர் உட்காரும் வகைக்கு, சுற்றிலும் அலுமினியத் தகடு வளைத்து மூடவே கூடாது. சூடு கீழே திரும்பி டப்பாவைக் காய்ச்சும், அழுத்தம் ஏறினால் வெடிக்கும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பை என்று கொஞ்சம் தள்ளிக் காற்றை மறைக்கலாம், அவ்வளவுதான். அவ்வப்போது டப்பாவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

அதனால் மூன்று பேருக்கு நான் சொல்வது ஹோஸ் வைத்த அடுப்பு. பர்னர் தனியாக, தரையோடு தரையாக மூன்று நான்கு அகலமான கால்களில் நிற்கும். கேனிஸ்டர் ஒரு குழாயின் மறுமுனையில் தள்ளி இருக்கும். பாத்திரம் ஆடாது, தகட்டுத் தடுப்பைச் சுற்றிலும் தைரியமாக வைக்கலாம். சுடருக்குள் ஓடும் சூடாக்கும் குழாய் இருக்கிற மாடலாக எடுத்தால், நன்றாகப் பற்றிய பிறகு குளிரில் கேனிஸ்டரைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் திரவமாகவே எரிக்கலாம், பியூட்டேன் சோம்பும் பிரச்சினை பெருமளவு குறையும். அந்தக் குழாய் இல்லாத அடுப்பில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். கொரியாவின் கோவியா ஸ்பைடர் இந்த வகையில் 168 கிராம். சீனாவின் ஃபயர் மேப்பிள் டைட்டானியத்தில் இன்னும் குறைவான எடையில் ஒன்று போடுகிறது. உங்கள் 25 கிராமோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 140 கிராம் கூடுதல். அந்த 140 கிராம் எங்கே திரும்பி வருகிறது என்பதைக் கேஸ் கணக்கில் காட்டுகிறேன். ஜெட்பாயில் போல பாத்திரமும் பர்னரும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் வகையைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அடியில் மடிப்பு மடிப்பாகத் தகடு இருப்பதால் கேஸ் நன்றாகவே மிச்சமாகும். ஆனால் அது தண்ணீர் கொதிக்கவைக்கும் இயந்திரம். அதில் உப்புமா கிளறினால் அடி பிடிக்கும், ஒரு லிட்டரில் மூன்று பேருக்கு இரண்டு தடவை வைக்க வேண்டும். எந்த அடுப்பானாலும் பட்டனைத் தட்டினால் பொறி வருகிற வசதியை நம்பாதீர்கள், உயரத்தில் அது முதலில் மக்கர் செய்யும். இரண்டு தீப்பெட்டி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, இரண்டு பேர் பையில்.

மற்ற எரிபொருள்களையும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் இருந்த பம்ப் ஸ்டவ் ஞாபகம் இருக்கிறதா? கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, பர்னர் பழுக்கும்வரை காத்திருந்து, பம்ப் அடித்தால் புஸ்ஸென்று நீலச் சுடர் வரும், அடைத்தால் பின் போட்டுக் குத்துவோம். 1892இல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் கொண்டுவந்த ப்ரைமஸ் அடுப்பின் வம்சம் அது. 1911இல் அமுண்ட்சென் தென் துருவத்துக்கு எடுத்துப்போனதும் ப்ரைமஸ்தான், 1953 எவரெஸ்ட் பயணத்தில் பனியை உருக்கியதும் அதுதான். மண்ணெண்ணெய் சூடான குழாயில் ஆவியாகி எரிவதால் குளிரும் உயரமும் அதை அதிகம் பாதிப்பதில்லை. பயிற்சியில் எங்களுக்குக் கொடுத்ததும் அதுதான். இன்று எம்எஸ்ஆர் போன்ற நிறுவனங்கள் போடும் திரவ எரிபொருள் அடுப்பு அதே தத்துவம்தான், டேங்க்கைத் தனி பாட்டிலாகப் பிரித்து ஹோஸ் போட்டிருக்கிறார்கள், குத்துகிற பின்னை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். பத்து நாள், பனி, பெரிய குழு என்றால் நான் கேஸை விட்டு இதற்குத்தான் போவேன். உங்களுக்கு நான்கு இரவு. சுத்தமான மண்ணெண்ணெய் தேடி அலையவும், பழகாத கையோடு டென்ட் பக்கத்தில் முதல் நெருப்பைக் கிளப்பவும் தேவையில்லை. ஸ்பிரிட் அடுப்பு எடை குறைவு, பொருள் எளிமை. ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடரே கண்ணுக்குத் தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றித்தான் பலர் சுட்டுக்கொள்கிறார்கள். ஒரே எடைக்குக் கேஸ் தரும் சூட்டில் முக்கால் பங்குகூட ஸ்பிரிட் தராது. வெள்ளைக் கட்டியாக வரும் ஹெக்ஸமைன் எரிபொருள் அவசரத்துக்கு ஒன்றிரண்டு பையில் கிடக்கலாம், மீன் நாற்றமும் பாத்திரத்தின் அடியில் பிசுபிசுப்பும் சகிக்க முடிந்தால். அதையும் விமானத்தில் ஏற்றக்கூடாது. சுள்ளி பொறுக்கி எரிக்கும் அடுப்பு இந்த வழியில் உதவாது. சிக்கா முகாமைத் தாண்டினால் விறகே கிடையாது, அதற்குக் கீழேயும் வெட்டக்கூடாது.

இனி சாப்பாடு. 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். 3,600 மீட்டரை ஒட்டிய பாலு கா கேராவில் 88 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். பார்க்கக் கொதி மாதிரி இருக்கும், வேகாது. எவ்வளவு தீயைக் கூட்டினாலும் அந்த 88ஐத் தாண்டாது, கேஸ்தான் தீரும். துவரம்பருப்பு சொல்லவே வேண்டாம். புழுங்கல் அரிசி அரை மணிக்கு மேல் போயும் நடுவில் நறுக்கென்று நிற்கும். பெரிய குழுக்களின் சமையல்காரர்கள் பிரஷர் குக்கரை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுவது இதற்குத்தான். குக்கர் வெளிக்காற்றைவிட ஒரு கிலோ அழுத்தம் கூடுதலாகப் பிடித்துவைப்பதால் 4,000 மீட்டரிலும் உள்ளே 114 டிகிரி வாக்கில் இருக்கும், வீட்டில் வேகிற மாதிரியே வேகும். ஆனால் சின்னதே ஒரு கிலோவை ஒட்டி வரும். ஆறேழு பேருக்கு நியாயம், மூன்று பேருக்கு வேண்டாம்.

உங்கள் மெனுவை மாற்றாமலே காப்பாற்றலாம். சோற்றுக்குப் பதில் நொய். பச்சரிசி நொய்யோடு, வீட்டிலேயே வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த பாசிப்பருப்பைக் கலந்து, மிளகு சீரகம் பொடித்துப் போட்டு, உப்போடு ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். கூடாரம் போட்டதும் முதல் வேலையாக அதைத் தண்ணீரில் ஊறவைத்துவிட வேண்டும். அரை மணி கழித்து அடுப்பில் வைத்து, நன்றாகக் கொதித்து ஏழெட்டு நிமிடம் ஆனதும் இறக்கி, மூடியோடு துண்டில் சுற்றி, இறகு அடைத்த டவுன் ஜாக்கெட்டுக்குள் இருபது நிமிடம் புதைத்துவிடுங்கள். மீதி அங்கேயே வெந்துவிடும், கேஸ் செலவில்லை. வீட்டிலிருந்து சின்ன பாட்டிலில் நெய் கொண்டுபோயிருந்தால் அது பொங்கல், இல்லாவிட்டால் கஞ்சி. உப்புமாவுக்கு ரவையை வீட்டிலேயே கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து வறுத்து, முந்திரியோடு எடுத்துப்போனால் மேலே கொதிநீரில் கொட்டிக் கிளறி மூடுவதோடு சரி. சேமியாவும் இதே கதைதான். அவலுக்கு அடுப்பே வேண்டாம், கணவாய் ஏறும் நாளில் அதுதான் மத்தியானத்துக்கு. ரசம் பொடி, காய்ந்த புளி, பருப்புப் பொடி எல்லாம் எடைக்கு நல்ல லாபம்.

பாத்திரத்தில் டைட்டானியத்துக்கு எதிராகத்தான் ஓட்டுப் போடுவேன், உங்கள் மெனு உப்புமா என்பதால். எஃகைவிட எடை ரொம்பக் குறைவு, துருப்பிடிக்காது, எல்லாம் சரி. ஆனால் சூட்டைப் பரப்பும் திறனில் அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குதான். சின்ன பர்னரின் சுடர் படும் இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ரவை கருகிப் பிடித்துக்கொள்ளும், அதற்கு இரண்டு விரல் தள்ளி மாவு பச்சையாகவே இருக்கும். தண்ணீர் மட்டும் கொதிக்கவைத்து நூடுல்ஸ் சாப்பிடுகிறவர்களுக்கு டைட்டானியம் அருமை. கிளறிச் சமைக்கிறவர்களுக்கு அலுமினியம், அதிலும் மேற்பரப்பைக் கடினமாக்கிய ஹார்ட் அனோடைஸ்டு. அது விலை என்று பட்டால் கோவையில் எந்தப் பாத்திரக்கடைக்கும் போய் இரண்டு லிட்டர் பிடிக்கும், அடி அகலமான, விளிம்பு மடித்த சாதாரண அலுமினியப் பாத்திரம் கேளுங்கள். எடை போட்டுத்தானே விற்கிறார்கள், 250 கிராமுக்குள் இருப்பதைப் பொறுக்கி எடுங்கள். உயரமாக ஒடுங்கியதை எடுக்காதீர்கள், சுடர் பக்கவாட்டில் ஏறி வீணாகும். பொருந்துகிற மூடி ஒன்று கட்டாயம், மூடியில்லாமல் கொதிக்கவைப்பது கேஸை ஆற்றில் விடுவது. கைப்பிடிக்கு இடுக்கி. வெறும் அலுமினியத்தில் வைத்த புளி ரசத்தை மட்டும் ராத்திரி முழுக்க அதிலேயே விடாதீர்கள், காலையில் பாத்திரம் கறுத்து, ரசம் உலோக வாடை அடிக்கும். டீக்கு இன்னொரு சின்னப் பாத்திரம், ஆளுக்கொரு டம்ளர், ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன். தட்டு வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் சோப்பை ஓடைக்குள் கொண்டுபோகாதீர்கள், கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுழற்றித் துடைத்தால் போதும்.

கேஸ் கணக்கு. ஓடைத் தண்ணீர் 4 டிகிரி இருக்கும் என்று வையுங்கள். அதை 88க்குக் கொண்டுபோக லிட்டருக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். ஒரு கிராம் கேஸ் எரிந்தால் 45 கிலோஜூல் கிடைக்கும், ஆக வீணே இல்லாவிட்டால் லிட்டருக்கு 8 கிராம். நல்ல நிலைமையிலேயே பாதிச் சூடு பாத்திரத்தைச் சுற்றி வெளியே போய்விடுவதால் 16 என்று வையுங்கள், கொஞ்சம் காற்றோடு 18. மூன்று பேருக்குக் காலை டீ, உப்புமா, மாலை சூப், ராத்திரிக் கஞ்சி எல்லாம் சேர்த்து நாளுக்கு மூன்றரை லிட்டர், அதாவது 63 கிராம். வேகவிடும் நேரத்துக்கு இன்னொரு 20. நாளுக்கு 85 கிராம் வாக்கில், நான்கு நாளைக்கு 340. 230 கிராம் கேனிஸ்டர் இரண்டு போதும், கையிருப்பாக 120 கிராம் நிற்கும். இது ஹோஸ் அடுப்பு, தடுப்பு, மூடி எல்லாம் இருக்கும் கணக்கு. தடுப்பு வைக்க முடியாத சின்ன பர்னரைக் காற்றில் எரித்தால் லிட்டருக்கு 25, 30 என்று எகிறும். அப்போது மூன்றாவது கேனிஸ்டர் வேண்டும், டப்பாவோடு 380 கிராம். நீங்கள் பர்னரில் மிச்சம் பிடித்த 140 கிராம் போய், அதற்கு மேல் 240 கிராம் சுமப்பீர்கள். இதில் பௌதிகம் உறுதி, காற்று எவ்வளவு தின்னும் என்பது மட்டும் என் அனுபவ உத்தேசம். ஒரு குழுவுக்கும் இன்னொன்றுக்கும் கால்வாசி வரை மாறிப் பார்த்திருக்கிறேன். குடிதண்ணீரைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வதாக இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துபோகும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஃபில்டரோ குளோரின் மாத்திரையோ எடுத்துப்போங்கள். முதல் கேனிஸ்டரில் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் தண்ணீரில் மிதக்கவிடுங்கள், கிளம்பும் முன் நிறைந்த டப்பாவில் நீர்மட்டம் எங்கே நின்றது என்று மார்க்கரில் கோடு போட்டுவைத்திருந்தால் ஒப்பிடச் சுலபம்.

மழை பெய்கிறது, குளிர்கிறது, டென்ட்டுக்குள்ளேயே வைத்துவிடலாமா என்ற ஆசை கட்டாயம் வரும். வேண்டவே வேண்டாம். டென்ட் துணி பற்றினால் நொடிகளில் உருகி மேலே ஒட்டும். அதைவிட மோசம் கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, தலைவலி, வாந்தி என்று ஆரம்பிக்கும், உயரத்தில் அதை மலைநோய் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். கொடைக்கானலில் அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி எழுந்திருக்காத இளைஞர்கள் செய்தியைப் படித்திருப்பீர்கள், அது இதே வாயுதான். டென்ட்டின் முன்தாழ்வாரத்தில் இரண்டு பக்கமும் திறந்துவைத்துச் சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள், வேறு வழியில்லாமல் நானும் செய்திருக்கிறேன். ஆனால் எவ்வளவு திறந்தால் பத்திரம் என்று ஒரு அளவு சொல்ல யாராலும் முடியாது, அடுப்புக்கு அடுப்பு, காற்றுக்குக் காற்று மாறும். கொட்டும் மழையில் ஒரு வேளை அவலோடு படுப்பது நல்லது.

வால்பாறை ஒத்திகையை விட்டுவிடுங்கள். அதைச் சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியில்லாமல் நுழைவதும், நெருப்பு மூட்டுவதும் குற்றம், சின்ன கேஸ் அடுப்புதானே என்ற வாதம் எடுபடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுக்கப்பட்டிருக்கின்றன. ஒத்திகைக்கு மொட்டை மாடி போதும். ஒரு கேனிஸ்டர் இங்கேயே வாங்குங்கள், காற்றடிக்கிற சாயங்காலமாகப் பார்த்து, ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரை ஒரு லிட்டர் ஊற்றி, கொதிக்கவைப்பதற்கு முன்னும் பின்னும் கேனிஸ்டரைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். என் 18 கிராம் உங்கள் கையில் எவ்வளவு ஆகிறது என்று தெரிந்துவிடும். ஒரு வேளை உப்புமாவும் கிளறிப் பாருங்கள். மிச்சமுள்ள அந்த டப்பா வீட்டிலேயே இருக்கட்டும்.

வருடத்துக்கு ஒருதடவைதான் போவீர்கள் என்றால் ஹோஸ் அடுப்பை மணாலியில் வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம், கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம். எடுத்தால் கடையிலேயே கேனிஸ்டரைத் திருகி, மரை வாயில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம் போயிருக்கிறது, வேறு அடுப்பு கேளுங்கள். பற்றவைத்து, சுடரைச் சின்னதாகக் குறைத்து ஒரு நிமிடம் நிற்கிறதா என்றும் பாருங்கள், பழைய வால்வுகள் அங்கேதான் அணையும். காலி டப்பாக்களை, நடை முடியும் இடமான சத்ரு முகாமில் வீசாமல் மணாலிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள், கசங்கிய டப்பா இரண்டும் சேர்ந்தால் 300 கிராம்தான்.